நடந்தால் போகும் மரியாதை

அம்மா ஒன்றும் மாடியிலிருந்து விழவில்லை. அடுப்படிப் படியில் கால் இடறியது, விழாமலிருக்கத் தரையில் கையை ஊன்றினாள். அதற்கே மணிக்கட்டு முறிந்துபோனது. ஐம்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. அப்பாவுக்குக் கோவில்பட்டியில் மிளகாய் வத்தல் மண்டி. நான் இரண்டு தெரு தள்ளி வாக்கப்பட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியவள் நான்தான்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு ரொம்ப மெலிஞ்சு போச்சும்மா" என்றார். மாதவிலக்கு நின்ற பிறகு இது இன்னும் வேகமாக மெலியுமாம். "இப்ப கையோட போச்சு. அடுத்தது இடுப்புன்னா எந்திரிக்கிறது கஷ்டம். தினமும் காலை வெயில்ல அரை மணி நேரம் நடக்கச் சொல்லுங்க. பால், மோர், கேப்பை, எள்ளு, முருங்கைக்கீரை, முள்ளோட மென்னு திங்கிற நெத்திலி, எல்லாம் சேத்துக்கிடணும். காப்பியக் குறைக்கணும்." கூடவே மாத்திரையும் எழுதித் தந்தார். எங்கள் வீட்டில் அந்த மாத்திரையைத்தான் வைத்தியம் என்று நினைத்தார்கள். மற்றதெல்லாம் டாக்டர் பேச்சுக்குச் சொன்னது.

அவர் என்ன சொல்லிவிட்டார் என்று அவருக்கே தெரியாது, பாவம். அப்பாவின் ஆட்கள் நாகலாபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மழையை நம்பிய கரிசக்காட்டில் கம்பும் கேப்பையும் தின்று வளர்ந்தவர்கள். மண்டி வைத்துத் தலையெடுத்ததும் முதல் வேலையாகக் கேப்பையை விட்டார்கள். அப்புறம் வெயிலை. கடைசியாக, கார் வாங்கியதும், நடையை. அடுத்த தெருக் கோயிலுக்கும் அம்மா அம்பாசிடரில்தான் போனாள். வெயிலில் நின்று கறுத்தால் கூலிக்கு வருகிறவள் மாதிரி ஆகிவிடுமாம். முன்னேற்றம் என்று எங்கள் வீட்டில் சொன்னது இதைத்தான், வேறொன்றும் இல்லை! பால் தாராளமாக வரும். அதையும் அப்பாவுக்கும் தம்பிக்கும் வருகிறவர் போகிறவருக்கும் ஆற்றிக் கொடுத்துவிட்டு, சட்டியில் மிஞ்சியதில் தண்ணீரை விட்டு ஒரு காப்பி போட்டுக் குடிப்பாள். யாரும் அவளைக் குடிக்காதே என்று தடுக்கவில்லை. குடித்தாயா என்று கேட்கவும் இல்லை.

கட்டுப் பிரித்த பிறகு நானே தினமும் காலையில் போய் அவளை இழுத்துக்கொண்டு நடந்தேன். முதலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, திருடப் போகிறவள் மாதிரி வந்தாள். "எல்லாரும் பாக்காவ, ஏட்டி" என்பாள். "பாக்கட்டும், கண்ணு என்ன கழண்டா விழுந்திரும்" என்பேன். ஒரு மாதம் போயிருக்கும். முந்தானை தோளுக்கு இறங்கியது. எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் ஸ்டேஷன் பக்கம் கீரை விற்றவளிடம் நின்று பேரம் பேசினாள். அம்மா பேரம் பேசி நான் அதுவரை பார்த்ததே இல்லை. வாங்கிய கீரைக்கட்டுக்கு மேலே ஒரு கொத்தைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஊர் சும்மா இருக்குமா? "என்ன அண்ணாச்சி, காரக் குடுத்துட்டீயளா? வீட்டுல நடந்து போறாவளே" என்று மண்டியில் வைத்தே ஒருத்தர் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அந்த வாரமே அத்தை வந்தாள், அப்பாவின் கூடப் பிறந்தவள். அம்மா கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். அத்தை முகவாயில் கையை வைத்துக்கொண்டு, "ஏட்டி, மதினிக்குக் கூழா ஊத்துத? மண்டியில ஏதும் கஷ்டமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பிக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த பெரிய இடம். பேச்சு அவர்கள் காதுக்கும் போய்விட்டது. தொழில் எப்படிப் போகுது என்று விசாரிக்க ஆள் வந்தது. அன்றைக்கு அப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு வீட்டில் நின்று கத்தினார்.

"கல்யாணம் முடியுத வரைக்கும் ஒருத்தரும் ரோட்டுல இறங்கக் கூடாது."

"டாக்டர் சொல்லித்தானப்பா நடக்காவ" என்றேன்.

"டாக்டரா வந்து பொண்ணு குடுக்கப் போறாரு?"

நான் விடவில்லை, வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். அடுத்த முறிவு இடுப்பில் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். வாயைக் கழுவு என்றார். அம்மாதான் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். "விடுட்டி. அவன் கல்யாணம் நல்லபடியா முடியட்டும். பெறவு நடந்துக்கிடுதேன். கால் எங்க ஓடியா போயிரப் போவுது?"

கல்யாணம் உடனே நடந்ததா என்றால் அதுவும் இல்லை. ஆடி வந்தது, பெண் வீட்டில் ஒரு சாவு விழுந்தது, தை வரைக்கும் இழுத்தது. அம்மா திரும்ப வீட்டுக்குள் போய்விட்டாள். கூழும் போனது, கீரையும் போனது. தாலி கட்டி முடித்த கையோடு, இனி நடக்கலாம் என்று போய் நின்றேன். புது மருமகள் வந்திருக்கும்போது மாமியார் ரோட்டில் அலைந்தால் நன்றாகவா இருக்கும் என்றார்கள். இவர்களுக்குக் காரணமா கிடைக்காது!

கல்யாணத்துக்கென்று வீடு முழுக்க கிரானைட் போட்டிருந்தார்கள். முகம் தெரியும் தரை. அதில்தான் விழுந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு காலைத் திருப்பிப் போட்டபடி கிடந்தாள். இடுப்பு. மதுரையில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். பிடித்து நடக்க வாக்கர் வாங்கி வந்தோம். நாலு எட்டு வைப்பாள், உடம்பெல்லாம் நடுங்கும், கட்டிலைப் பார்ப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிலோடு ஆகிவிட்டாள். அப்போது பாருங்கள், பால் என்ன, பேரீச்சம்பழம் என்ன, ஆட்டுக்கால் சூப் என்ன! வந்தவர்களிடமெல்லாம் அப்பா, "ஒண்ணுக்கும் குற வைக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை.

மறு வருஷம் அப்பாவுக்குச் சர்க்கரை. நடக்கச் சொல்லிவிட்டார்கள். வெள்ளை கான்வாஸ் ஷூ வாங்கினார். வீட்டிலிருந்து ஸ்கூல் மைதானத்துக்குக் காரில் போய், அங்கே இறங்கி நடந்தார். திரும்பி வந்ததும் வெள்ளித் தம்ளரில் கேப்பைக் கஞ்சி. கார் என்ன ஆச்சு, மண்டியில் கஷ்டமா என்று ஒரு ஆள் கேட்கவில்லை. "அண்ணாச்சி உடம்ப எப்படிப் பேணுதாவ பாருங்க" என்றார்கள். அதே ஊர், அதே வாய்.

ஒரு நாள் அம்மாவைப் பார்க்க அத்தை வந்திருந்தாள். அப்பா இன்னும் மைதானத்திலிருந்து வரவில்லை. அண்ணனை எங்கே என்று கேட்டாள். அம்மா படுத்தபடியே தலையை மட்டும் தூக்கி, "நடக்கப் போயிருக்காவ. மழையோ வெயிலோ, அவிய ஒரு நாள் விட மாட்டாவ" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை. குத்தலாகச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தையே பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். அவள் முதுகில் புண் வைத்துவிடக் கூடாதென்று, நானும் தம்பி பெண்டாட்டியுமாகச் சேர்ந்து அவளைப் புரட்டி மறுபக்கம் படுக்க வைத்தோம்.