தாய்லாந்துக்காரியின் வலது கை

எட்டு வாரம் எனக்குப் பெயர் கிடையாது. திருச்சி மன்னார்புரம் ஜிம்மில் எல்லோரும் என்னைத் ‘தாய்லாந்து’ என்றுதான் கூப்பிட்டார்கள். “தாய்லாந்து வந்தாச்சா?”, “தாய்லாந்தோட ஹெட்கார்டை யாருப்பா எடுத்தது?” என்று. நான் பிறந்தது மண்ணச்சநல்லூரில், வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில். சென்னையைத் தாண்டி எங்கேயும் போனதில்லை. ஆனால் அந்த ஜிம்மில் அதுதான் வழக்கம். தொழில்முறை பாக்ஸர் ஒருவர் சண்டைக்குத் தயாராகும்போது, அவருடைய எதிராளி எப்படி ஆடுவாரோ அப்படியே ஆடிக் காட்ட ஓர் ஆளை ரிங்கில் நிறுத்துவார்கள். சண்டை முடியும்வரை அந்த ஆளுக்கு எதிராளியின் ஊர்ப்பெயர்தான். எனக்கு முன்னால் ஒருவர் ஆறு வாரம் ஹரியானாவாக இருந்திருக்கிறார்.

அந்த வருடத்தோடு எனக்கு வயது வரம்பு முடிகிறது. விளையாட்டுக் கோட்டாவில் வேலைக்கு எடுக்கிற செலக்‌ஷன் மார்ச் கடைசியில். அதில் ஜெயித்தால் வேலை, தோற்றால் அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் பாக்ஸிங் போட்டால் என்ன, பல்லாங்குழி ஆடினால் என்ன, ஒருவரும் சீந்த மாட்டார்கள். அதற்கு முந்தைய இரண்டு செலக்‌ஷனிலும் அரையிறுதியில் தோற்றிருந்தேன்.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. மூன்று மாடி, லிஃப்ட் இல்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டது. “வேலை கிடைச்ச மறுநாளே நீ நின்னுடும்மா” என்று நான் சொல்லியிருந்தேன். அதை ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அம்மா நம்பிவிட்டாள். ஜனவரியிலேயே பள்ளிக்கூடத்தில் போய், “வர்ற ஜூன்லேர்ந்து வர மாட்டேங்க, என் பொண்ணுக்கு வேலை ஆயிடும்” என்று சொல்லிவிட்டு வந்தாள். அவர்களும் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள். இதை அம்மா வீட்டில் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

நாங்கள் ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவர் ஜிம்முக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். வியாசர்பாடிக்காரர், தொழில்முறை பாக்ஸர். எங்கள் மாஸ்டரிடம் முன்பு பயிற்சி எடுத்தவர். ஏப்ரல் முதல் வாரம் தாய்லாந்தில் பெரிய சண்டை. சென்னையில் இருந்தால் ஆள் மாற்றி ஆள் வந்து தொந்தரவு செய்கிறார்கள் என்று திருச்சிக்கு வந்திருந்தார். மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அந்தத் தாய்லாந்துப் பொண்ணு இடதுகை. நீயும் இடதுகை. உசரமும் ஒண்ணுதான். எட்டு வாரம் அக்காவுக்கு நில்லும்மா. அடி விழும், பொய் சொல்லல. ஆனா ப்ரொஃபஷனல் ஒருத்தர் கூட நின்னுட்டுப் போனீன்னா செலக்‌ஷன்ல எவளும் உன் கிட்ட வர முடியாது.”

எனக்கு வேறு வழி என்ன இருந்தது? அன்றைக்கே சரி என்றேன்.

முதல் நாளை நினைத்தால் இப்போதும் விலா வலிக்கிறது. அதுவரை என்னை அடித்தவர்கள் எல்லாம் மார்க் வாங்குவதற்காக அடித்தவர்கள். தொட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். அக்கா ஓடவில்லை. என் பக்கத்திலேயே நின்று, கோபமே இல்லாமல், பாத்திரம் தேய்ப்பவர் மாதிரி நிதானமாக அடித்தார். இரண்டாவது ரவுண்டில் விலாவுக்குக் கீழே ஒன்று விழுந்தது. முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வரவில்லை, கண்ணீர் மட்டும் வந்தது. சுற்றிலும் ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அக்கா குனிந்து, “அழுவுறியா பாப்பா? அழு. ஆனா கண்ண மூடாத. கண்ணத் தொறந்துகினே அழு” என்றார்.

கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை, பாடம். அடி வரும்போது நான் கண்ணை மூடுகிறேன் என்பதை ஆறு வருடமாக யாரும் என்னிடம் சொன்னதில்லை. அக்கா ஆறே நிமிடத்தில் கண்டுபிடித்தார். மூன்றாவது வாரத்தில் எனக்கு அடி வருவதற்கு முன்பே தெரிய ஆரம்பித்தது. கை கிளம்புமுன் தோள் அசையும், அதற்கும் முன் கால் அசையும். பத்து அடியில் மூன்று அடியிலிருந்து தப்பித்தேன், பிறகு ஐந்து. காவேரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருக்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி தள்ளி உட்கார்ந்துகொள்வார். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நான் நடிக்க வேண்டிய ஆள் அக்காவின் போனில் இருந்தாள். தாய்லாந்துக்காரியின் பழைய சண்டைகளை எல்லாம் பார்த்தோம். நல்ல ஆட்டக்காரி, ஆனால் ஒரு குறை. இடது கையால் ஓங்கி அடிக்கும் அந்த நொடியில், தாடையைக் காக்க வேண்டிய வலது கை நெஞ்சுவரை இறங்கிவிடும். அவ்வளவு நேரமும் ஒழுங்காக இருக்கும் கை, அப்போது மட்டும் இறங்கும். அக்காவின் திட்டம் முழுக்க அந்த நொடியை வைத்துத்தான். அவள் இடது கையை விடும்போது விலகிக்கொண்டு, திறந்து கிடக்கும் தாடையில் பக்கவாட்டில் ஒரு இடது ஹுக்.

ஆகவே என் வேலை கையை இறக்குவது. வேண்டுமென்றே இறக்கி, வேண்டுமென்றே அடி வாங்குவது. முதலில் வரவில்லை. கையைத் தூக்கு, தூக்கு என்று ஆறு வருடம் மாஸ்டரிடம் திட்டு வாங்கி வளர்ந்த உடம்பு இது. கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். வீட்டில் துணி காயப்போடும்போதுகூட இடது கையை வீசி வலது கையை இறக்கிப் பார்ப்பேன். நாலாவது வாரம் ஒரு நாள் அக்கா ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார். “டேய், பாருங்கடா! அப்படியே அவதான்!” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சொந்த ஆட்டத்துக்கு யாரும் அப்படிக் கை தட்டியதில்லை.

மாஸ்டருக்கு மட்டும் உள்ளுக்குள் பயம் இருந்திருக்க வேண்டும். “அக்காவோட ஸ்பாரிங் முடிஞ்சதும் கால் மணி நேரம் உன் ஆட்டத்த ஆடிட்டுப் போம்மா. கை மேல. மறக்காத” என்று தினமும் சொல்வார். கொஞ்ச நாள் செய்தேன். பிறகு தலைவலி வந்தது.

அது சாதாரணத் தலைவலி இல்லை. வெளிச்சம் ஆகாது, பஸ் ஹாரன் ஆகாது. ஸ்ரீரங்கத்தில் எங்களுக்குப் பின்கட்டை வாடகைக்கு விட்டிருந்த மாமிக்கு என் முகத்தைப் பார்க்கவே பொறுக்கவில்லை. “ஏண்டி கொழந்தே, மூஞ்சியெல்லாம் இப்படிக் கன்னிப் போயிருக்கே! பெருமாள் கொடுத்த சரீரம்டி. யாரையோ அடிக்க விட்டுட்டு வந்து நிக்கறயே” என்றார். ஸ்கூட்டியிலிருந்து விழுந்துவிட்டேன் என்றேன். “தினமுமா விழுவா?” என்றார் மாமி. அவர் வீட்டில் முட்டைக்கே இடமில்லை. நான் முட்டை தின்பதையும் அடி தின்பதையும் வெளியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது வாரத்தில் ஒரு மத்தியானம் ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். கதவில் சாவியைப் போட்டால் திறக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளிருந்து ஒருவர் வந்து, “யாரும்மா வேணும்?” என்றார். நாங்கள் இருந்தது வடக்கு உத்தர வீதி. நான் நின்றுகொண்டிருந்தது வடக்குச் சித்திரை வீதி. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வீதிகள் ஒன்றுபோல இருக்கும், குழம்புவார்கள். நான் பதினைந்து வருடமாக நடக்கிறவள். அந்த மனிதர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் வீடு எந்தப் பக்கம் என்பது புத்தியில் வந்தது.

தலையில் அடிபட்டு இப்படி ஆனால் ஒரு மாதம் கிளவுஸைத் தொடக்கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஜிம்முக்குள் வந்த முதல் வாரமே சொல்லித் தருகிற விஷயம் அது. செலக்‌ஷனுக்குப் பதினாறு நாள் இருந்தது. நான் மாஸ்டரிடம் சொல்லவில்லை, அக்காவிடம் சொல்லவில்லை, அம்மாவிடம் மூச்சுகூட விடவில்லை. வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மடத்தனம், அத்தோடு பயம். வலி தாங்கும் அளவுக்கு வேலை செய்வது, அதற்கு மேல் போகாமல் கிளம்பிவிடுவது என்று முடிவு செய்தேன். ஸ்பாரிங்கை விட முடியாது. அதனால் விட்டது அந்தக் கால் மணி நேரத்தை. “பஸ்ஸுக்கு நேரமாச்சு மாஸ்டர்” என்று தினமும் ஒரே பொய்.

மார்ச் நாலாவது வாரம் அக்கா விமானம் ஏறினார். போகும்போது என் நெற்றியைத் தொட்டு, “நீ ஜெயிச்சிட்டு போன் போடு. நான் ஜெயிச்சிட்டு போன் போடறேன்” என்றார். நான் மாஸ்டரோடு சென்னைக்குப் போனேன்.

என் முதல் இரண்டு சண்டைகளும் நடக்கவே இல்லை. ஒருத்தி எடையில் தவறினாள், இன்னொருத்தி காய்ச்சல் என்று விலகினாள். அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இறுதிச் சண்டையில் எதிரில் நின்றது பத்தொன்பது வயதுப் பெண். முதல் ரவுண்டில் அவள் எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அவள் தோள் அசையும், நான் அங்கே இருக்க மாட்டேன். அக்காவின் அடிகளுக்கு முன்னால் இவளுடையது வெறும் தட்டல். வலது கையாலேயே தொட்டுத் தொட்டு ரவுண்டை எடுத்தேன். மூலையில் மாஸ்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு, “முடிஞ்சுதும்மா, இப்படியே போ” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் அம்மாவிடம் போனில் என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது ரவுண்டில் அவள் களைத்துக் கயிற்றோரம் போனாள். முடித்துவிடலாம் என்று இடது கையை முழுசாக விட்டேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு குருட்டாம்போக்கில் பக்கவாட்டில் ஒரு வீசு வீசினாள். நான் கீழே கிடந்தேன்.

நடுவர் எட்டு வரை எண்ணினார். எழுந்தேன். “கை! கை!” என்று மாஸ்டர் கத்துவது கேட்டது. ஏன் கத்துகிறார் என்று எரிச்சலாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், என் வலது கை தாடையில் இருப்பதாகத்தான் எனக்குத் தெரிந்தது. மறுபடி இடது கையை விட்டேன், மறுபடி விழுந்தேன். மூன்றாவது முறை விழுந்ததும் நடுவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். அந்தப் பெண் தான் ஜெயித்ததையே நம்பாமல் விழித்துக்கொண்டு நின்றாள். என்னை அடித்தது என்ன அடி என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும். அந்த அடியை எட்டு வாரம் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாங்கியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது, பஸ் சமயபுரம் வந்ததும் மாஸ்டர், “கால் மணி நேரம் ஆடிட்டுத்தானே போன?” என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, “சரி, விடு கண்ணு. நாளைக்கு ஸ்கூல்ல போய்க் கேட்டுப் பாக்கறேன். அந்தப் புது ஆள் இன்னும் சேரலையாம்” என்றாள். மறுநாள் கொஞ்சம் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். கொடுத்த சொல்லைத் திரும்ப வாங்குவதற்கு. நான் செத்துப்போகலாமா என்று நினைத்த நாள் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்காவின் சண்டை. ஜிம்மில் டிவியை ஏற்பாடு செய்திருந்தார்கள். எனக்குப் போகப் பிடிக்கவில்லை. ஆனால் போகாமல் வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் முடியவில்லை. பின்னால் சுவரோரம் நின்றேன். போனில் பார்த்த தாய்லாந்துக்காரியை அன்றைக்குத்தான் பெரிதாகப் பார்த்தேன். அறிமுக நேரத்தில், கூட்டத்தில் முன் வரிசையில் இருந்த வயதான ஒரு அம்மாவைப் பார்த்து அவள் தலையைக் குனிந்து கும்பிட்டாள். அந்த அம்மா எழுந்து நிற்க முடியாமல் உட்கார்ந்தபடியே கையை ஆட்டினார்.

மூன்று ரவுண்டு அக்கா அடி வாங்கிக்கொண்டே இருந்தார். ஜிம் முழுக்கப் பதற்றம். நாலாவதில் தாய்லாந்துக்காரியின் வலது கால் முன்னால் வந்தது. இடது தோள் கொஞ்சம் பின்னால் போனது. அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும், இப்போது என்ன நடக்கப் போகிறது என்று.

“கையத் தூக்குடி!” என்று கத்தினேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் அவள் விழுந்ததை நான் ஒருத்திதான் பார்த்தேன்.