பாஸ்போர்ட் உள்ள குதிரை

இன்று மத்தியானம் பாரிசில், ரூ காய் தெருத் தேநீர்க் கடையில் என் பக்கத்து மேசையில் செல்வண்ணை. உணவகம் ஒன்றில் சமையல்காரர். இங்கிலாந்தில், குதிரைப் பந்தயத்துக்கே பேர்போன நியூமார்க்கெட்டில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் இருக்கிற நாட்டில் தங்க விசா இல்லை. நேரில் பார்த்துப் பல வருடம்.

"அண்ணை, குதிரையள் ரோட்டைக் கடக்குதுகள். கார் எல்லாம் நிக்குது, பாருங்கோ. முன்னுக்குப் போறது வாற கிழமை பாரிசுக்கு ஓட வருதாம்."

"அதை எப்பிடி விடுவாங்கள்?"

"குதிரைக்குப் பாஸ்போர்ட் இருக்கண்ணை."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வரட்டும். போய்ப் பாக்கிறன். உன்னைக் கண்ட குதிரையல்லோ."

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, குதிரை ஓடுற இடத்துக்கு எந்த மெத்ரோ ரயில்?"

எனக்குத் தெரியவில்லை. போலீஸ் நிற்காத வழி தெரிந்தவர்கள் கீழே கமெண்டில் எழுதுங்கள்.