இரண்டாவது கையெழுத்துக்கு முன் கொட்டிய கான்கிரீட்

சான் அன்டோனியோவின் தெற்குப் பக்கத்தில் நியேவெஸ் கன்ட்டூ என்ற பெண்மணி கான்கிரீட் காண்டிராக்டர். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் கையெழுத்துப் போடும்வரை வண்டியின் பின்கதவைத் திறக்க மாட்டார். டெக்சஸில் ஒரு குடும்பம் குடியிருக்கும் சொந்த வீடென்றால், வேலை தொடங்கும் முன்பே இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அப்போதுதான் கூலி வராதபோது அந்த வீட்டின் மேல் பற்றுரிமை பதிய முடியும். பதிந்துவிட்டால், கூலியைத் தீர்க்காமல் வீட்டை விற்பது பெரும்பாடு.

"அக்கா கல்யாணத்துல பாதிரியாரே கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு நின்னிருப்பாரு" என்று அவரைக் கிண்டலடிப்பான் மேஸ்திரி எலிசேயோ.

"நின்னாரு. நீ அச்சுப் பலகைய நேரா அடி."

ப்ரூயிட் வீட்டில் மட்டும் அது தவறியது. கொல்லைப்புறத் தளத்துக்கு மிக்ஸர் லாரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது. ப்ரூயிட் வண்டியின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். "என் மனைவி சாயங்காலம் போடுவா" என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. டிரம்முக்குள் சுற்றும் கான்கிரீட் யாருக்காகவும் காத்திருக்காது. நியேவெஸ் கொட்டச் சொல்லிவிட்டார். சாயங்காலம் யாரும் வரவில்லை.

தளம் அழகாக அமைந்தது. பணம் மட்டும் வரவில்லை. ஆட்களின் கூலியை நியேவெஸ் கைக்காசிலிருந்து கொடுத்துவிட்டார். கான்கிரீட் கம்பெனியின் பாக்கி நின்றது. அதைத் தீர்க்காவிட்டால் லாரி இனிக் கடனுக்கு வராது. லாரி வராவிட்டால் தொழிலே இல்லை.

பலமுறை கூப்பிட்ட பிறகு ஒருநாள் ப்ரூயிட் போனை எடுத்தார். "அது எங்க சொந்த வீடும்மா. என் மனைவி கையெழுத்தே போடல. நீ ஒண்ணும் பண்ண முடியாது."

"பார்க்கலாம் சார்" என்று நியேவெஸ் போனை வைத்துவிட்டார். அவர் அலுவலகத்தில் ஆங்கிலத் தாள்களை எழுதுவது நான். ஒப்பந்தத்தில் இரண்டாவது கோடு காலியாக இருப்பதைக் காட்டினேன். "தெரியும். தளத்துக்கு அடிச்ச என் பலகைங்க அங்கயே கெடக்கு, அதையாவது எடுத்துட்டு வரலாம் வா" என்றார்.

பலகைகளை அள்ளும்போது, அந்த வீட்டில் இருக்கும் ஒடெஸா டிம்ஸ் என்ற பெண்மணி ஐஸ் போட்ட டீயுடன் வெளியே வந்தார்.

"ஏம்மா, அந்த ஆள் உன் போனையாச்சும் எடுக்கிறாரா? வெந்நீர் டாங்க் ஒழுகுதுன்னு ஒரு மாசமா சொல்றேன். வாடகைன்னா மட்டும் டான்னு வந்து நிக்கிறாரு."

நியேவெஸ் பலகையைக் கீழே வைத்தார். "வாடகையா? அவங்க இங்க இல்லையா?"

"அவங்களா? ஏரிக்கரைல பெரிய வீடு. நான் இங்க வந்து நாலு வருஷம் ஆச்சு."

நியேவெஸ் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். வண்டியில் ஏறியதும், "வாடகை வீட்டுக்கு எத்தனை கையெழுத்து வேணும்?" என்று கேட்டார். பதில் தெரிந்த கேள்விதான்.

"மனைவியோடது தேவையில்ல."

"பற்றுரிமை பதிய இந்த மாசம் பதினஞ்சுதான் கடைசி நாள். நேரா கோர்ட் கட்டடத்துக்குப் போ."

பற்றுரிமை பதிவானது. அதன் நகலைப் பதிவுத் தபாலில் ப்ரூயிட்டுக்கு அனுப்பினேன். சில வாரங்களில் அந்த வீட்டை வாங்க ஒருவர் வந்தார். பத்திரம் முடிக்கும் கம்பெனி, கன்ட்டூவின் பாக்கி தீராமல் முடியாது என்றது. மறுநாள் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது ப்ரூயிட் அல்ல, அவர் மனைவி. காசோலையை மேசையில் வைத்தார்.

"பற்றுரிமை ரத்துப் பத்திரத்தைக் குடுங்க. வெள்ளிக்கிழமை விற்பனை இருக்கு."

"செக் பாஸ் ஆகட்டும்மா, குடுத்துடறேன்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு. ஆனா கொட்டின உடனே யாரையும் தளத்து மேல நடக்க விடமாட்டேன்."

செக் பாஸானதாக வியாழக்கிழமை வங்கியிலிருந்து தகவல் வந்தது. நியேவெஸ் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கான்கிரீட் கம்பெனிக்குப் போன் செய்தார். பாக்கி இன்றே வரும் என்றார். திங்கட்கிழமைக்கு லாரி கேட்டார். "ரெண்டு கையெழுத்தும் ஆகி நான் திரும்பக் கூப்பிட்ட பிறகு கிளம்பினா போதும்" என்றும் சொன்னார்.