முத்திரை இல்லாத விண்ணப்பம்

விதி தெளிவானது: விண்ணப்பம் கிடைத்து நான்கு கிழமைக்குள், அதாவது இருபத்தெட்டு நாளுக்குள், அலுவலகம் எழுத்தில் பதில் தர வேண்டும். கிடைத்தது என்பதற்கான அத்தாட்சியை வைத்திருப்பது மட்டும் கொடுத்தவன் பொறுப்பு.

மொஸ்கோவில் படித்தவன் என்பதால், ஓய்வுபெற்ற பிறகும் ஜேர்மனியின் ஹம் நகரப் பள்ளியொன்றில் கிழமைக்கு இரண்டு பிற்பகல்கள் ரஷ்ய எழுத்தும் இலக்கணமும் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பில் கசகஸ்தானிலிருந்து வந்த பெண் ஒருத்தி. வீட்டில் காதில் விழுந்த ரஷ்ய மொழியை அப்படியே எழுதுவாள். ஒரு பக்கச் சொல்வதெழுதலில் இருபது பிழை. ஆங்கிலம் அவளுக்கு அறவே வராது. அதற்குப் பதிலாக ரஷ்ய மொழிப் பரீட்சை எழுத அனுமதி கிடைத்தால் ஒன்பதாம் வகுப்பு. கிடைக்காவிட்டால் மறுபடியும் எட்டு.

விண்ணப்பத்தைப் பெப்ரவரியில் நானே கல்வி அலுவலகத்தில் கொடுத்தேன். வாங்கிய பெண் அதை ஒரு தட்டில் வைத்தார். பிரதியை நீட்டி, கிடைத்த திகதி முத்திரையைக் கேட்டிருக்க வேண்டும். அகதியாக வந்த நாளிலிருந்து முத்திரையில்லாமல் ஒரு தாளையும் நான் கைவிட்டதில்லை. அன்று கேட்கவில்லை. ஆசிரியராக நின்ற இடத்தில் மனுக்காரனாகத் தெரிய வெட்கமாக இருந்தது.

எட்டுக் கிழமை போயிற்று. தொலைபேசியில் கேட்டேன். அப்படியொரு விண்ணப்பம் பதிவில் இல்லை, விண்ணப்பிக்கும் காலக்கெடுவும் முடிந்துவிட்டது என்றார்கள்.

“ஊருக்கெல்லாம் முத்திரை வாங்குங்கோ எண்டு வகுப்பெடுத்த ஆள்,” என்றாள் மனைவி. “நீங்கள் வாங்கேல்லையோ?”

“இல்லை.”

“பிள்ளையிட்டைச் சொன்னனீங்களோ?”

“சொல்ல ஏலாமல் கிடக்கு.”

“அப்ப அவள் படிக்கட்டும். நீங்கள் பயந்துகொண்டிருங்கோ.”

பயந்துகொண்டுதான் இருந்தேன். அவளுடைய பிழைகள் பதினொன்றாகி, நான்காகின. ஒவ்வொரு பிழை குறையும்போதும் எனக்குப் பயம் கூடியது; இவ்வளவு உழைப்பையும் என் வெட்கம் தின்றுவிடப் போகிறது.

மே மாதம் அவளிடம் சொன்னேன்.

“உங்களுக்கும் பிழை வருமா?” என்று ரஷ்ய மொழியில் கேட்டாள். சிரிக்கவில்லை.

விண்ணப்பத்தைப் புதிதாக எழுதினோம். முதல் தாளை முத்திரையின்றிக் கொடுத்தது என் தவறு, மாணவியினது அல்ல என்று கீழே எழுதிக் கையொப்பமிட்டேன். இம்முறை அவளையும் கூட்டிப்போனேன். பிரதியில் முத்திரை விழுந்ததும் இன்னொரு பிரதியை அவளே நீட்டினாள்.

காலக்கெடு தாண்டியதை மன்னித்து, விடுமுறை முடிந்ததும் பரீட்சை எழுத அனுமதிப்பதாக ஒற்றை வரிப் பதில் வந்தது. வந்த நாள், கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி வெள்ளிக்கிழமை.