எலி தின்ற உப்பேரியும் அஞ்சுவின் ஊசியும்

ஒருவரின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று அறிய அருமனைக்காரர்கள் எந்தக் கருவியையும் நம்பியதில்லை. பக்கத்து வீட்டு வாசலில் கால்மணி நேரம் நின்றால் போதும். அப்படிப்பட்ட ஊரில், மூளை பேசுவதைக் கேட்க ஊசி செய்கிறேன் என்று ஒருத்தி கிளம்பியதை ஊர் தனக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டிருக்கலாம். பெருந்தன்மையாக விட்டுவிட்டது.

ரப்பர் ஷீட் வியாபாரி குமாரதாஸின் மகள் அஞ்சு. எஞ்சினியரிங் முடித்தவள், முறைப்படி துபாய்க்கோ, குறைந்தபட்சம் பெங்களூருக்கோ போயிருக்க வேண்டும். அவளோ தினமும் மார்த்தாண்டம் வழியாக பஸ் பிடித்து, தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆய்வகத்துக்குப் போனாள். கல்லூரியின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். எலியின் மூளைக்குள் வைக்கிற ஊசி அங்கே அவள் வேலை. பெண் பார்க்க வந்தவர்கள் இதைக் கேட்டதும் காப்பியைப் பாதியில் வைத்தார்கள்.

அந்த ஊசி தலைமுடியைவிட மெல்லியது. அதில் வரிசையாகத் தங்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காது. பக்கத்தில் இருக்கிற நரம்பணு பேசினால் அந்தக் காதுக்குக் கேட்க வேண்டும். ஆனால் மூளை தயிர்போல் மெத்தென்றது. நாடி துடிக்கும்போதெல்லாம் அசைவது. விறைப்பான ஊசி அதில் உரசினால் மூளை கோபித்துக்கொண்டு சுற்றிலும் தழும்பு கட்டிவிடும், ஊசி செவிடாகும். ஆகவே அஞ்சு வளைகிற பிளாஸ்டிக்கில் ஊசி செய்தாள். அது நனைந்த முடிபோல் துவண்டு, உள்ளே போகமாட்டேன் என்றது. மேலே சர்க்கரைப் பூச்சு கொடுத்தாள். விறைப்பாக உள்ளே போகும், போனதும் சர்க்கரை கரைந்துவிடும். அருமையான யோசனை. ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம், காற்றின் ஈரத்தில் பூச்சு இளகி, ஊசிகளை எறும்பு தூக்கிக்கொண்டு போனது. தங்கம் பதித்த எறும்புப் புற்று ஒன்று அந்தக் கட்டடத்தின் அடியில் இன்றும் இருக்க வேண்டும்.

அவள் அழவில்லை. ஈரம் புகாத பெட்டி ஒன்றைச் செய்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அதைக் கண்டுபிடிப்பு என்று யாரும் சொல்லவில்லை. அரிசி டப்பா என்றார்கள்.

இதற்கிடையில் ஆய்வுக்குப் பணம் தரும் குழு ஒரு நிபந்தனை போட்டிருந்தது. அடுத்த முறை வரும்போது ஒரே ஒரு நரம்பணுவின் குரலாவது கேட்க வேண்டும், இல்லையென்றால் மூடுவிழா.

குழு வருவதற்கு முந்தின வாரம் அது கேட்டது. ஊசி வைத்து, காயம் ஆறி, கூண்டில் சுகமாக இருந்த எலியின் மூளையிலிருந்து ஒலிபெருக்கியில் பொரபொரவென்று சத்தம். ஆய்வகத் தலைவர் ஹரிகுமார் நாற்காலியை விட்டு எழுந்தே நின்றார். செய்தி அஞ்சுவின் அம்மா சொர்ணம்மாள் வழியாக அம்மாவின் தம்பி, அதாவது அஞ்சுவின் தாய்மாமன் முருகதாஸை எட்டியது. அவரை எட்டினால் அதற்கப்புறம் அது செய்தி அல்ல, பிளெக்ஸ். மறுநாள் காலை அருமனைச் சந்திப்பில், ‘எலியின் எண்ணத்தைப் படித்த எங்கள் அறிவுச்சுடர்’ எழுந்து நின்றது. அதில் அஞ்சுவின் படத்தைவிட முருகதாஸின் படம் பெரியது. எலிக்குப் படம் கிடைக்காமல் ஒரு பெருச்சாளியைப் போட்டிருந்தார்கள்.

அன்று மதியம் அஞ்சு பதிவுகளை மறுபடி பார்த்தாள். ஊசியின் எல்லாக் காதுகளிலும் ஒரே சத்தம், ஒரே நொடியில். நரம்பணுக்கள் கல்யாண வீட்டுக் கூட்டம்போல ஆளுக்கொன்று பேசுகிறவை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைச் சொன்னால் அது பேச்சல்ல, கோஷம். கூண்டைப் பார்த்தாள். எலி எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் உப்பேரி தின்றுகொண்டிருந்தது. அவள் கொடுத்ததுதான். விதிப்படி கூடாது. ஆனால் எதிரே ஒரு உயிர் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் தின்பது நம் மாவட்டத்தில் வழக்கமில்லையே. எலி தாடையை அசைத்தால் பொரபொர. நிறுத்தினால் அமைதி. ஒரு மாவட்டமே கொண்டாடிய எண்ணம், மெல்லுகிற சத்தம்.

இதை அவள் நேராக ஹரிகுமாரிடம் போய்ச் சொன்னாள். அவர் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமை குழு வருது அஞ்சு. எலி பட்டினி கெடந்தா நாமளும் பட்டினியாக்கும்.”

“உப்பேரி குடுத்துக் காட்ட எனக்குப் பற்றாது சார், அது கள்ளமாக்கும்.”

மாமனிடம் சொல்வது இதைவிடக் கடினமாக இருந்தது.

“எட்டி, போர்டு வெச்சாச்சு” என்றார் முருகதாஸ். “இனி எலி யோசிச்சே ஆவணும், கேட்டியா.”

“எலி யோசிக்கல்ல மாமா. தின்னதாக்கும்.”

“தின்னும்போ யோசிக்கப்பிடாதா? நான் அப்பதானே யோசிக்கேன்.”

மறுக்க முடியாத வாதம். ஆனாலும் அஞ்சு அசையவில்லை. முருகதாஸே ஆள் வைத்துப் பிளெக்ஸை இறக்கி, அக்காள் வீட்டு ரப்பர் ஷீட்டுகளை மழைக்கு மூடினார். அந்தச் சந்திப்பில் நின்ற பிளெக்ஸ்களில் ஊருக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை அவள் குழுவின் முன் இரண்டு பதிவுகளை வைத்தாள்: எலி தின்னும்போது, தின்னாதபோது. இரண்டாவதில் வெறும் இரைச்சல். எங்கள் ஊசிக்கு இன்னும் காது கேட்கவில்லை என்று அவள் வாயாலேயே சொன்னாள். ஹரிகுமார் சுவரைப் பார்த்து நின்றார். குழுவில் ஒருவர் மட்டும் முகம் வெளுத்து, தன் ஆய்வகத்து எலிகளும் சாப்பிடுகிறவைதான் என்று முணுமுணுத்தார். நான்கு மாத அவகாசம் கிடைத்தது. இரக்கமா பயமா என்று யாரும் விசாரிக்கவில்லை.

அந்த நான்கு மாதமும் அஞ்சு செய்ததைச் சுவாரஸ்யமாகச் சொல்ல வழியில்லை. எல்லாக் காதுகளிலும் ஒன்றாகக் கேட்கிற சத்தத்தைக் கணக்கில் கழித்துப் பார்த்தாள், மிச்சம் ஒன்றுமில்லை. தங்கப் புள்ளிகளின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கினாள். மெல்லிய குரலும் அதில் பிடிபடும். பூச்சு உரிந்தது. மறுபடி செய்தாள். மறுபடியும் உரிந்தது. பஸ்ஸில் தூங்கினாள், மார்த்தாண்டத்தில் விழித்தாள், மறுபடி செய்தாள். இப்படிப்பட்ட வேலைக்கு வீரம் என்று பெயர் வைக்க நம் மொழியில் யாருக்கும் தோன்றாதது வியப்புதான்.

அவகாசம் முடிகிற மாதம். வெளியே ஐப்பசித் துலா மழை. புதிய ஊசி வைத்த எலி கூண்டின் மூலையில் இருந்தது. ஒலிபெருக்கியில் வெறும் இரைச்சல். அப்புறம் இரைச்சலுக்கு நடுவே, கடைசிக் கடுகு வெடிப்பதுபோல், டிக். சற்றுக் கழித்து இன்னொன்று. ஹரிகுமார் கைதட்டப் போனார். அஞ்சு கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். சிரிக்கவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை. முழங்காலிட்டு, கூண்டுக்குள் எலியின் வாயையே உற்றுப் பார்த்தாள்.

வாய் அசையவில்லை. எலி மழைச் சத்தத்தின் பக்கம் காதைத் திருப்பி வைத்திருந்தது. அஞ்சு இப்போது திரையைப் பார்த்தாள். ஊசியின் மற்றக் காதுகள் எல்லாம் சும்மா இருக்க, ஒன்றே ஒன்றில் மட்டும் மறுபடி ஒரு டிக்.