குளியலறைக் கதவின் சாட்சி

குளியலறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. களக், களக். தரைக்குழாய் வாய் கொப்பளித்தது.

கணினி முன்னால் இருந்தவள் துள்ளி எழுந்து கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நாற்பத்திரண்டு.

"நான் போட்ட கணக்கு மூணு நாப்பதுங்க. ரெண்டே நிமிஷம்தான் வித்தியாசம்."

"சாக்கடை எதுக்களிக்குதுன்னு இவ்ளோ சந்தோஷப்படுற பொம்பளைய உன் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கேன்" என்றபடி கணவர் தரைவிரிப்பைச் சுருட்டிக் கட்டில்மேல் போட்டார்.

ஊரிலேயே பள்ளமான தெரு அவர்களுடையது. பெருமழை பெய்தால் சாக்கடை வீடேறும்; மிச்சம் ஆற்றில் கலக்கும். கழிவுநீர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள், ஊரின் குழாய்களையெல்லாம் கணினிக்குள் கட்டி, அதில் மழை பெய்யவிட்டுப் பார்த்தாள். இந்தத் தெருக் குழாயில் நீர்மட்டம் காட்டும் அளவுக்கருவி பாழாய்க் கிடந்தது. அதனால் ஆறு வருடமாகக் குளியலறைக் கதவில் பென்சிலால் குறித்துவைத்த 'களக்' நேரங்களைக் கொண்டே கணக்கைச் சரிபார்த்தாள். அலுவலகமே சிரித்தது. ஆனாலும் பள்ளத்துக்கு வரும் வெள்ளத்தைக் குறைக்க, மேட்டுத்தெருவின் பெரிய குழாயில் பலகை போட்டு நீரைத் தேக்க, ஒரே ஒரு மழைக்கு அனுமதி கிடைத்தது. அந்த மழை இதுதான்.

வாசல்மணி அடித்தது. சொட்டச் சொட்ட நின்றார், பலகை போட்ட மேஸ்திரி. அவர் வீடு மேட்டுத்தெருவில்.

"மேடம், அங்க தண்ணி சாக்கடை மூடிக்கு ரெண்டு சாண் கீழ வந்துடுச்சு, இன்னும் ஏறுது. பலகைய எடுக்கச் சொல்லட்டா? உங்க வீட்டக் காப்பாத்த எங்க வீட்டை முழுகடிக்கிறீங்கன்னு பேசுறாங்க."

அவள் அவரைக் குளியலறைக் கதவுமுன் நிறுத்தினாள்.

"இங்க சொன்ன நேரத்துக்குச் சத்தம் வந்துடுச்சு, அப்ப என் கணக்கு சரி. நாலு மணிக்கு அங்க ஒரு சாண்ல நின்னுடும். அதுவரைக்கும் பொறுங்கண்ணே."

"நிக்கலைன்னா?"

"நானே வந்து எடுக்கிறேன்."

மேஸ்திரி போனைக் காதில் வைத்தார். மறுமுனையில் அவருடைய ஆள் கோலால் அளந்து சொன்னான். ஒன்றரை சாண். ஒன்றேகால். ஒரு சாண். நாலு மணி. நாலு ஐந்து.

"அசையாம நிக்குதாம்" என்றார் மேஸ்திரி.

அவள் கண்ணில் நீர் முட்டியது.

"குளியலறைல பொங்கலை, இங்க பொங்கிடும் போலிருக்கே" என்றார் கணவர்.

மேஸ்திரி பென்சிலை வாங்கிக் கதவில் நேரத்தைக் குறித்தார். பக்கத்தில் 'மேட்டுத்தெரு, ஒரு சாண்' என்று எழுதினார்.

"பலகை இருக்கட்டும் தங்கச்சி. வீட்டுல போய்ச் சொல்லிட்டு வர்றேன்."

மழையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். அவள் தெருமுனை வரை பார்த்திருந்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.