கண்ணாடிக்குத் தினை ஊட்டியவன்

எங்கள் பக்கத்தில் அதற்கு லவ் பேர்ட்ஸ் என்று பெயர். கடலூர் கடைத்தெருவில் கேட்டாலும் சிதம்பரத்தில் கேட்டாலும் அதே பதில்தான். ஒன்றே ஒன்று இருந்தாலும் ‘ஒரு லவ் பேர்ட்ஸ்’ என்றுதான் சொல்வார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு குட்டைவால் கிளி. நம் வீட்டுக் கூண்டுகளில் கத்திக்கொண்டிருப்பது ஆஸ்திரேலியாவின் பட்ஜெரிகர். எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் போட்ட நியமன உத்தரவு இன்னொருவர் கைக்குப் போய், அவரும் அந்தப் பதவியிலேயே இருந்து ஓய்வு பெற்றுவிடுவது உண்டு. பணியாளர் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் இது எனக்கு அதிசயமாகப் படவில்லை. பெயர் தவறு என்று மனைவியிடம் பலமுறை சொல்லிப் பார்த்தேன். “இருந்துட்டுப் போவட்டும், உங்களுக்கு இன்னா வந்துச்சு?” என்பாள். அந்தத் தவறான பெயர் ஒரு பறவையின் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் மகள் வேலை கிடைத்து ஆஸ்திரேலியா போன சமயம் அது. சிதம்பரம் அண்ணாமலை நகர் வீட்டில் நானும் மனைவியும் மட்டும். கடலூரிலிருந்து மனைவியின் தம்பி ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

“வீடு வெறிச்சுனு இருக்கக் கூடாது பாருக்கா. லவ் பேர்ட்ஸ். ஒரு ஜோடி.”

“இது ஆஸ்திரேலியாப் பறவை மச்சான்” என்றேன்.

“அப்ப கணக்கு சரியாப் போச்சு மாமா. இங்கேர்ந்து ஒண்ணு அங்க போச்சு, அங்கேர்ந்து ரெண்டு இங்க வந்துடுச்சு.”

எங்கள் துறையில் இதை மனமொத்த மாறுதல் என்பார்கள். ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் போக இருவரும் சம்மதித்து எழுதித் தர வேண்டும். இந்தப் பறவைகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவற்றுக்கு ஆஸ்திரேலியா எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்காது. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கூண்டில் முட்டையிட்டுக் கூண்டில் பொரிந்தவை.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “கிளி வளத்தா கேஸ் ஆயிடாதா சார்?” என்பதுதான். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்தால் ஆகும். அது இந்த மண்ணின் பறவை, அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. இவை வெளிநாட்டு இனம். ஆகவே சிதம்பரத்தில் ஒரு கிளி சிறையில் இருக்கலாமா கூடாதா என்பதை அதன் பூர்வீகம் தீர்மானிக்கிறது. சட்டத்தைக் குறை சொல்லவில்லை. இப்படித்தான் இருக்கிறது என்கிறேன்.

எங்களுடையவை இரண்டும் பச்சை உடல், மஞ்சள் முகம், கழுத்திலிருந்து முதுகு வரை கறுப்புக் கோடுகள். கடையில் நீலம், வெள்ளை, முழு மஞ்சள் என்று பல நிறம் விற்கிறார்கள். அவையெல்லாம் மனிதர்கள் கூண்டில் வைத்துப் பிரித்தெடுத்த நிறங்கள். காட்டில் இருப்பது இந்தப் பச்சைதான். ஆணுக்கு அலகின் மேல் நீலத் திட்டு, பெண்ணுக்குப் பழுப்பு. பெண் அதிகாரம் செய்யும், ஆண் அதற்குத் தினையைக் கக்கி ஊட்டும். கடற்கரைக்குப் போனால் கரையில் ஒதுங்கும் கணவாய் மீன் ஓட்டைப் பொறுக்கி வருவோம். அதைக் கம்பியில் செருகி வைத்தால் இரண்டும் பகல் முழுக்கக் கொறிக்கும். சுண்ணாம்புச் சத்து.

ஆனாலும் பெண்ணுக்கு முட்டை வெளியே வராமல் உள்ளேயே கட்டிக்கொண்டது. ஒரு நாள் காலையில் கூண்டின் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருந்தது. கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனோம். மருத்துவர் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ரொம்பத் தாமதமாகிவிட்டது என்று உண்மையைச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஆட்டோவில் மனைவியின் மடியில் அது செத்துப்போனது.

அன்று சாயங்காலம் தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள்.

“ஜோடி போச்சுன்னா அதுவும் போயிடும்க்கா. லவ் பேர்ட்ஸ் அப்படித்தான். தனியா இருக்காது.”

“எத்தினி நாளுடா தாங்கும்?”

“அது அதோட மனச பொறுத்ததுக்கா.”

“மச்சான், அது லவ் பேர்டே இல்ல” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“மாமா, துக்க வீட்ல வந்து பேரு சரியில்லன்னு சொல்றீங்க பாருங்க!”

அடுத்த நாள் ஆண் பறவை வழக்கம்போலத் தினை தின்றது. அதற்கடுத்த நாளும் தின்றது. மனைவி கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அது சாகாததில் அவளுக்கு நிம்மதி. அதே சமயம், செத்தவளுக்காகக் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது என்று நினைக்கிறேன். “ஆம்பள புத்தி” என்று ஒரு முறை முணுமுணுத்தாள். அது பறவைக்குச் சொன்னதா, வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவனுக்குச் சொன்னதா என்று நான் விளக்கம் கோரவில்லை.

ஆனால் அது கத்துவதை நிறுத்தியிருந்தது. பறவைக் கடைக்காரர் யோசனைப்படி ஒரு சின்ன வட்டக் கண்ணாடியை வாங்கி வந்து கூண்டில் மாட்டினேன். அதுதான் தப்பாகப் போயிற்று. பறவை கண்ணாடியின் முன்னால் போய் உட்கார்ந்தது, நகரவே இல்லை. தலையை ஆட்டிப் பேசியது. அலகால் தட்டியது. பிறகு தொண்டையிலிருந்து தினையை மேலே கொண்டுவந்து கண்ணாடிக்கு ஊட்டியது. தினை கண்ணாடியில் வழிந்து ஒட்டிக்கொண்டது. எதிரில் இருப்பவள் வாங்கிக்கொள்ளவில்லை என்றதும் மறுபடி தின்று, மறுபடி ஊட்டியது. மனைவி ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்தாள். ஒரு நாள் துணியைக் கீழே போட்டுவிட்டு, “என்னால இத பாக்க முடியல” என்றாள்.

“இன்னொரு பொட்ட வாங்கியாரட்டுமாக்கா?” என்று தம்பி கேட்டார்.

“அவளும் முட்ட கட்டிக்கினு என் மடியில சாவறதுக்கா? வேணாம்டா.”

அந்த வாரம்தான் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். வேலை விஷயமாக அந்த நாட்டின் உட்பகுதிக்குப் போயிருந்தாள். சிவந்த மண், மரமே இல்லாத வெளி, மாடுகளுக்கான தண்ணீர்த் தொட்டி ஒன்று. “அம்மா, இங்க பாரு” என்று போனைத் திருப்பினாள். ஒரு பச்சை மேகம் தொட்டியின் மேல் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, எழுந்து, திரும்பியது. திரும்பும்போது மஞ்சளாகியது. எங்கள் கூண்டில் இருப்பதைப் போன்ற பறவைகள், ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒன்று மற்றொன்றின் மேல் மோதவில்லை. கூண்டிலிருந்த ஆண் பறவை போனிலிருந்து வந்த இரைச்சலைக் கேட்டு, பல நாளுக்குப் பிறகு முதல் தடவையாகக் கத்தியது.

போனை வைத்ததும் மனைவி முடிவு செய்துவிட்டாள். “இவன வுட்டுடலாம். திருவந்திபுரம் கோயில்கிட்ட. மலை மேல கிளிங்க ஜாஸ்தி இருக்கு, சேந்துக்குவான். பெருமாள் பாத்துக்குவாரு.”

“பெருமாளுக்குக் காக்காவையும் பாத்துக்கற பொறுப்பு இருக்கு” என்றேன்.

தம்பி உடனே வண்டியோடு வந்து நின்றார். நான் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அங்கே உள்ளவை பச்சைக்கிளிகள், இவனைவிட நாலு மடங்கு பெரியவை. அவை இவனைச் சொந்தம் கொண்டாடாது. ஆஸ்திரேலியக் காட்டில் இவன் இனத்துப் பறவைகள் மழையைத் துரத்திக்கொண்டு பறப்பவை, எங்கே மழை பெய்து புல் விதை கட்டுகிறதோ அங்கே போகும். மழை தவறினால் தண்ணீர் தேடியே கூட்டம் கூட்டமாகச் செத்து விழும். வல்லூறு துரத்தும்போது கூட்டத்துக்குள் இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு. இவனுக்குக் கூட்டமும் கிடையாது, வல்லூறு என்றால் என்ன என்றும் தெரியாது. காட்டு வாழ்க்கை ஒன்றும் சுற்றுலா இல்லை.

“அங்க செத்தாலும் கூட்டத்தோட சாவுது. இவன் கண்ணாடியோட சாவணுமா?” என்றாள் மனைவி.

“விடுவிக்கிறது பெரிய காரியம் இல்ல” என்றேன். “விடுவிச்சா சேர்ற இடம் எங்க? அத முடிவு பண்ணாம ஒருத்தர விடுவிச்சா அவர் எந்த ஆபீசுலயும் இல்லாம நடுவுல நிப்பாரு. கட்டாயக் காத்திருப்பு. நான் பாத்திருக்கேன்.”

“சாமி, எல்லாத்துக்கும் ஆபீசு” என்று தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு சோதனை செய்யலாம் என்று மட்டும் இருவரையும் ஒப்புக்கொள்ள வைத்தேன். கூடத்தின் ஜன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கூண்டைத் திறந்தோம். அது வெகுநேரம் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. பிறகு பறந்தது. இரண்டு சுற்று வருவதற்குள் திரைச்சீலையில் மோதி, திரைக்கம்பியின் மேல் தொற்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. தரையில் தட்டு நிறையத் தினை வைத்தோம். பார்த்தது, இறங்கவில்லை. உணவு கீழேயும் கிடைக்கும் என்பதே அதற்குத் தெரியவில்லை. கடைசியில் தம்பி கூண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். உள்ளே தாவி நேராகக் கண்ணாடியிடம் போனது.

“வெளிய போயிட்டு வந்த கதைய அதுங்கிட்ட சொல்றான்” என்றாள் மனைவி. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி. வுட வேணாம். சேர்ற இடம்னு சொன்னீங்களே, அத நீங்களே பாருங்க.”

தம்பிதான் பார்த்தார். பரங்கிப்பேட்டையில் அவருக்குத் தெரிந்த பாய் ஒருவர், வளைகுடாவில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவர், மொட்டைமாடி முழுக்க வலை அடித்துப் பறவை வளர்க்கிறார் என்றார். மூவரும் கூண்டோடு போனோம். படியேறும்போதே இரைச்சல் கேட்டது. வலைக்குள் காய்ந்த வேப்பங்கிளைகள் நட்டிருந்தன. சுவரோரம் ஓட்டை போட்ட சின்னப் பானைகள் தொங்கின. காட்டில் மரப்பொந்து, இங்கே பானை. கடல் காற்று ஒரு பக்கமிருந்து நுழைந்து மறுபக்கம் போனது. எல்லாமே எங்கள் பறவையைப்போலப் பச்சை. கலர்ப் பறவைகளை வாங்குவதில்லையாம்.

“எங்க வீட்ல கிண்டல் பண்ணுவாங்க சார்” என்றார் அவர். “‘அங்க பத்து பேரோட ஒரே ரூம்ல கெடந்தீங்க, இப்ப இதுங்களையும் ஒரே ரூம்ல போட்டுட்டீங்களே’ன்னு.”

“நீங்க என்ன சொல்வீங்க?”

“அந்தப் பத்து பேரு இருந்ததாலதான் அங்க நாள ஓட்ட முடிஞ்சிச்சும்பேன். லீவுல எல்லாரும் ஊருக்குப் போயி நான் மட்டும் இருந்த மாசத்த நெனச்சா இப்பவும் பயமா இருக்கு சார்.”

மனைவி அவரை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

ஆனால் உடனே சேர்க்க மாட்டேன் என்றார். புதிதாக வருவதைச் சில வாரம் கீழே தனி அறையில் வைத்து, சீக்கு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் கூட்டத்தில் விடுவாராம். தகுதிகாண் பருவம். முறை தெரிந்த மனிதர் என்று எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது. “கண்ணாடி இருக்கட்டுமா தம்பி?” என்று மனைவி அவரிடம் கேட்டாள். “எடுத்துட்டுப் போயிடுங்கக்கா. மாடி சத்தம் கீழ கேக்கும், அதுவே போதும் அவனுக்கு.”

அந்த வாரங்களில் வீட்டில் காலைச் சத்தமே இல்லை. மனைவி தினமும் பாய்க்குப் போன் செய்து, தின்றதா, கத்தியதா என்று கேட்டாள். அவரும் சலிக்காமல் சொன்னார். ஒரு நாள் அவரே கூப்பிட்டார். “அக்கா, நாளைக்கு மேல வுடப்போறேன், இன்ஷா அல்லாஹ். வந்து பாருங்க.”

போனோம். மூவரும் மாடியேறியதும் அவர் பறவையைக் கையில் கொண்டுவந்து வலைக்கதவின் உள்ளே விரலைப் பிரித்தார். எங்கள் பறவை ஒரு கிளையில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் இருந்தவை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன. ஒன்று கிட்டே வந்து அதன் தலையைக் கோதிப் பார்த்தது. அப்போது கீழே தெருவில் ஏதோ வண்டி பலமாக ஹாரன் அடித்தது. மொத்தக் கூட்டமும் ஒரே வீச்சில் எழுந்து, வலையின் கோடி வரை போய், திரும்பி வந்து உட்கார்ந்தது.

“எதுங்க நம்மது?” என்றாள் மனைவி.

நான் பார்த்தேன். எல்லாம் பச்சை, எல்லாவற்றுக்கும் மஞ்சள் முகம், பாதிக்கு நீலத் திட்டு. காலில் வளையம் போட்டிருக்கலாம் என்ற யோசனை, எல்லா நல்ல யோசனைகளையும்போல, காரியம் முடிந்த பிறகுதான் வந்தது. பாயும் வலையில் முகத்தை ஒட்டிக்கொண்டு தேடினார். அவருக்கும் தெரியவில்லை.

“வேணும்னா சொல்லுங்கக்கா. இருட்டுனதும் ஒண்ணொண்ணா புடிச்சிப் பாத்து எடுத்துத் தந்துடறேன்.”

அவள் வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரக் கிளையில் ஓர் ஆண் பறவை பக்கத்திலிருந்த பெண்ணுக்குத் தினை ஊட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வாங்கிக்கொண்டது. அது எங்களுடையதாக இருக்க நியாயமில்லை, வந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இதை நான் சொல்லவில்லை.

“வேணாம் தம்பி” என்றாள் பாயிடம். “புடிச்சா எல்லாம் பயந்துக்கும். எதுன்னு தெரியாத அளவுக்குக் கலந்துட்டான்னா நல்லாத்தான் இருப்பான்.”

படி இறங்கும்போது திரும்பி நின்று, “முருங்கக்கீர குடுக்கறீங்களா இதுங்களுக்கு? எங்க வீட்ல மரம் இருக்கு. அடுத்த வாரம் கொண்டாரன்” என்றாள்.

“கொண்டாங்கக்கா. ஆனா ஒருத்தனுக்குன்னு கொத்து கொண்டாராதீங்க, நான் எங்க போயி தேடுவேன்? எல்லாருக்கும் சேத்து கொண்டாங்க.”

“மரத்தையே வெட்டிக் கொண்டாந்துடும் எங்கக்கா” என்றார் தம்பி.

அடுத்த வாரம் முருங்கைக் கிளைகளைப் பெரிய கட்டாகக் கட்டி என் மடியில் வைத்துப் பரங்கிப்பேட்டை பஸ்ஸில் ஏற்றினாள். வழி நெடுக இலை உதிர்ந்து என் வேட்டியெல்லாம் பச்சை. தட்டிவிடப் போனவனிடம், “கீழ தள்ளாதீங்க, இன்னும் பத்தாது” என்றாள்.